உ போட்ட ஃபோல்டர்

எங்கள் பட்டறையில் கம்ப்யூட்டருக்கும் பிள்ளையார் சுழி உண்டு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குத் திருவாரூர் பக்கம் போனாலும் குடவாசல் பக்கம் போனாலும், நெல் காயவைக்கும் டிரையர் ஓடுகிற மில் எதற்குள் நுழைந்தாலும், சுவரில் மாட்டியிருக்கும் கண்ட்ரோல் பெட்டி பெரும்பாலும் என் பட்டறையில் செய்ததாக இருக்கும். சிரிக்கிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.

மோட்டாருக்குக் காயில் கட்டித்தான் ஆரம்பித்தேன். காயில் கட்டியவன் பம்புசெட்டுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்தேன். அது விற்றது. டெல்டாவில் அறுவடை மழையோடு மல்லுக்கட்டுகிற வேலை என்று தெரிந்துகொண்டு டிரையருக்குப் பெட்டி செய்ய இறங்கினேன். அதுவும் விற்றது. ஈர நெல்லை உள்ளே கொட்டினால் சூடான காற்று அடித்துக் காயவைக்கும் எந்திரம் அது. நெல்லில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும். அதைக் கேட்டு, சூட்டை ஏற்றி இறக்கி, பதம் வந்ததும் நிறுத்துவது என் பெட்டியின் வேலை. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு. அந்தப் போர்டுக்குள் ஒரு புரோகிராம். புரோகிராம் எழுதுவது எங்கள் ஆபீஸில், தஞ்சாவூரில்தான். பெங்களூரில் எழுதி வாங்குகிறாயா என்று பெரிய மனிதர்கள்கூட என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன்.

எந்த வேலையானாலும் உ போட்டுத்தான் தொடங்குவேன். பில் தலையில் உ. கொட்டேஷன் தலையில் உ. பெட்டிக் கதவின் உள்பக்கம் மஞ்சள் பெயிண்டில் உ. முதல் கம்ப்யூட்டர் வந்த அன்றே சொல்லிவிட்டேன்: கம்பெனி வேலை முழுவதும் ஒரே ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும், அந்த ஃபோல்டருக்குப் பெயர் உ. வேறு எழுத்து எதுவும் அதில் சேரக்கூடாது. அப்போது புரோகிராம் எழுத ஒரே ஆள்தான். குடவாசல் பக்கத்துத் தம்பி. அவன் அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்; மகனை டிப்ளமோ படிக்க வைத்தார். ஒயரிங் வேலைக்கு என்று என்னிடம் வந்தவனுக்குள் இருந்த புரோகிராமரைக் கண்டுபிடித்தவன் நான். அவன் தலையாட்டினான். என் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் டி டிரைவைத் திறந்து, ஃபோல்டர் போட்டு, உ என்று பெயர் வைத்தான். என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு வியாபாரம் எப்படி வளர்ந்தது என்பதை ஊரே அறியும்.

இந்தக் கதை போன குறுவை அறுவடையில் நடந்தது.

விடியற்காலையில் நல்ல இடி. காலையில் ஆபீஸைத் திறந்தால் தம்பியின் கம்ப்யூட்டர் எரிந்துபோயிருக்கிறது. யூபிஎஸ் வைத்திருந்தும் தப்பவில்லை. அவன் அதன் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து ஒரு மில்காரர் போன் செய்தார். பழைய நிலக்காரர் குடும்பம். என்னைவிட மூத்தவர். நான் எவ்வளவு உயர்ந்தாலும் அவர் வாயில் நான் காயில்காரன்தான்.

“காயில்காரரே, ஒங்க பொட்டி நிம்மதியாத் தூங்குது. என் நெல்லுதான் முழிச்சுக்கிட்டு இருக்கு. நாளைக்குள்ள முளைவிட்டுடும்.”

விஷயம் இதுதான். பழைய சென்சார் கடையில் கிடைக்கவில்லை என்று அந்த மில்லுக்கு வேறு கம்பெனி சென்சார் வைத்துக் கொடுத்திருந்தோம். அது சொல்லும் கணக்கு வேறு மாதிரி. ஈரமாக இருக்கும் நெல்லைக் காய்ந்துவிட்டது என்று நினைத்து டிரையர் நின்றுவிடுகிறது. வெளியே மழை. ரோட்டில் காயப்போட வழியில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈர நெல்லைத் தொடமாட்டார்கள். சுற்று வட்டாரத்து விவசாயிகள் அத்தனை பேரும் அவர் மில்லில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். குவியலுக்குள் கையை விட்டால் சுடுகிறது என்றார். ஈர நெல் குவியலில் சூடு ஏறினால் அடுத்தது முளைதான். அது டெல்டாவில் பிறந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புரோகிராமில் ஒரே ஒரு இடத்தில் கணக்கை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்றான் தம்பி. மாற்றியதை மறுபடி பில்டு செய்து ஒரு மெமரி கார்டில் போட்டு எடுத்துப் போனால் டிரையர் ஓடிவிடும். ஆனால் அவன் கம்ப்யூட்டர் எரிந்துவிட்டது. நான் சொன்னேன், “அதுக்கென்னப்பா, என் ரூம்ல உ இருக்குல்ல. அதுல இருந்து செய்யுங்க.” அவன் முகம் சரியில்லை. அப்போது நான் அதைக் கவனித்தேன், ஆனால் கம்ப்யூட்டர் போன வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் அறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது திருவாரூர்ப் பெண். வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று திரும்பி வந்தவள். இந்தச் சம்பளத்துக்கு வருவாளா என்று தம்பி கேட்டான். நான் பேசினேன், வந்தாள்.

பில்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புரோகிராம் ஒரே துண்டாக இருக்காது. பல ஃபைல்களில் இருக்கும். எந்த ஃபைலை எந்த இடத்திலிருந்து எடுத்து எதனோடு சேர்ப்பது என்று வரிசையாக எழுதிவைத்த ஃபைல் ஒன்று தனியாக உண்டு. பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டர் அதைப் படித்து, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சேர்த்து, போர்டுக்குப் போக வேண்டியதைச் செய்து கொடுக்கும். ஆக, ஃபைல் இருக்கும் இடத்துக்கு வழி சரியாக எழுதியிருக்க வேண்டும். அந்த வழிக்குப் பாத் என்று பெயர்.

தம்பி சொன்ன இடத்தில் கணக்கை மாற்றிவிட்டு அவள் பட்டனைத் தட்டினாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது. அவள் வழியை வாய்விட்டுப் படித்தாள். சி டிரைவ். அதற்குள் தம்பியின் பெயர். அதற்குள் வேலை. அதற்குள் டிரையர்.

“நடுவுல உ எங்கம்மா?” என்றேன்.

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

இத்தனை வருஷமும் அவன் வேலை செய்தது தன் கம்ப்யூட்டரில், சி டிரைவில், உ இல்லாத ஒரு ஃபோல்டரில். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் ஒரு காப்பி எடுத்து என் அறையில் இருக்கும் உ-வுக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான் எப்போது திறந்து பார்த்தாலும் எல்லாம் அங்கே இருக்கும். ஆனால் பில்டு நடந்தது ஒருநாளும் அதிலிருந்து இல்லை.

வேறு முதலாளியாக இருந்தால் அன்றே கணக்கை முடித்து அனுப்பியிருப்பான். நான் குரலைக்கூட உயர்த்தவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

“சொன்னா நீங்க கேப்பீங்களா ஐயா?”

யார் எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பவன் நான் என்பது ஊருக்கே தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. சரி, நடந்தது நடந்துபோச்சு, இனிமேல் உ-வுக்குள் இருந்துதான் பில்டு, அதுவும் இப்போதே என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பழைய வழிகள் அத்தனையும் முழு விலாசமாக எழுதியிருந்தான் தம்பி. எந்த டிரைவ், எந்த ஃபோல்டர், அதற்குள் எது என்று ஒவ்வொரு வரியிலும் தலையிலிருந்து கால் வரை. பார்த்தவுடனே எது எங்கே என்று தெரியும், எனக்கு அதுதான் நம்பிக்கை என்றான். அதில் நியாயம் உண்டு. எனக்கும் விலாசம் முழுசாக எழுதினால்தான் பிடிக்கும். ஆனால் வீடு மாறினால் எழுதிய இடமெல்லாம் மாற்ற வேண்டும். அவன் அதைத்தான் செய்ய ஆரம்பித்தான். பழைய வழியைத் தேடு, புதிய வழியைப் போடு என்று கம்ப்யூட்டரிடமே சொன்னான். பாதி மாறியது. ஃபோல்டர் பெயர்களுக்கு நடுவே போடும் கோடு சில இடத்தில் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, சில இடத்தில் அந்தப் பக்கம். சாய்வு மாறிய இடங்களையெல்லாம் கம்ப்யூட்டர் விட்டுவிட்டது. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினான். டீ வந்து ஆறிப்போயிற்று. மில்காரர் இன்னொரு முறை போன் செய்து, நெல்லைக் கிளறிவிட ஆள் வைத்திருக்கிறேன், கூலி உங்கள் கணக்கில் என்றார்.

மாற்றி முடித்துப் பட்டனைத் தட்டினால் மறுபடி ஃபைல் இல்லை என்கிறது. இந்த முறை வழியை நானே திரையில் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கூட்டிப் படிக்க வரும். பார்ட் நம்பர் படித்துப் பழகியவன். டி என்று இருந்தது. அடுத்து உ இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி இருந்தது.

“என்னம்மா இது?”

“பில்டு பண்ற இந்த டூலுக்குத் தமிழ் எழுத்து தெரியாதுங்க ஐயா. தெரியாததைப் பாத்தா கேள்விக்குறி போட்டுடும். அப்புறம் கேள்விக்குறின்னு ஒரு ஃபோல்டரைத் தேடும். அது இருக்காது.”

பிள்ளையார் சுழியைப் பார்த்துக் கேள்வி கேட்கிற டூலை எதற்கு வைத்திருக்கிறோம் என்றேன். சிப் செய்கிற கம்பெனி கொடுத்தது, வேறு கிடையாது என்றார்கள் இரண்டு பேரும். அந்த ஒரு விஷயத்தில்தான் அன்று காலை இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அவள் அதற்குள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வேறு முறையில் எழுத ஆரம்பித்திருந்தாள். ஃபைலின் தலையில் ஒரு பெயர் வைத்தாள். அந்தப் பெயருக்கு இதுதான் இடம் என்று ஒரே ஒரு தடவை எழுதினாள். கீழே வரிக்கு வரி இருந்த நீள விலாசத்தையெல்லாம் எடுத்துவிட்டு அந்தப் பெயரைப் போட்டாள். அதற்கு வேரியபிள் என்று பெயராம். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னேன்.

“ஆள்கிட்ட நெல்லைக் களத்துல கொட்டுன்னுதானே ஐயா சொல்வோம். தெற்குத் தெருல மூணாவது வீட்டுக்குப் பின்னால இருக்கிற களத்துலன்னு மூட்டைக்கு மூட்டை சொல்வோமா? நம்ம களம் எதுன்னு ஒருதரம் காட்டிட்டா போதும். அடுத்த வருஷம் களம் மாறினா, மாறின இடத்தை ஒருதரம் காட்டினா போதும்.”

“இப்பல்லாம் களமே தார்ரோடுதான், மேடம்,” என்றான் தம்பி. “அதான் லாரி ஏறிடுது.”

“ரோடா இருந்தாலும் ஒரு வரிதான் மாத்தணும், அண்ணா. நீங்க காலையில இருந்து எத்தனை வரி மாத்துனீங்க?”

ஆனால் அவள் தட்டியபோதும் அதே கேள்விக்குறிதான் வந்தது. பெயர் வைத்தாலும் அந்தப் பெயர் விரியும்போது உ வருகிறது, டூல் முழிக்கிறது. தம்பிக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம். நான் பார்த்தேன்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு என்றாள். முழு விலாசமும் வேண்டாம், பெயரும் வேண்டாம். நிற்கிற இடத்திலிருந்து வழி சொல்வது. இதற்குள்ளே போ, அதற்குள்ளே போ, இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே ஏறு. நாம் உ-வுக்குள் நின்றுகொண்டு பேசினால் உ என்று சொல்லவே தேவையில்லையாம். கேட்டதும் எனக்குப் பிடித்துவிட்டது. தம்பி மறுத்தான். வேறு இடத்தில் நின்றுகொண்டு பட்டனைத் தட்டினால் எல்லாம் கெட்டுவிடும் என்றான்.

அவன் சொன்னதும் உண்மைதான். அதை என் சொந்த அனுபவத்தில் அறிந்தவன் நான். குடவாசலில் ஒரு புது மில்லுக்குப் பெட்டி அனுப்பியபோது டிரைவருக்குப் போனில் வழி சொன்னேன். பாலம் தாண்டி இடது கைப்பக்கம், அப்புறம் வாய்க்காலோடு நேரே போ என்று. நான் கும்பகோணத்திலிருந்து வருகிறவனுக்குச் சொல்கிறேன். அவன் திருவாரூரில் வேறு சாமான் இறக்கிவிட்டு அந்தப் பக்கமிருந்து வந்திருக்கிறான். இடது கை வலது கையாகிவிட்டது. என் பெட்டி போட்டி மில்லில் போய் இறங்கியது. அவர்கள் அதை மரியாதையாகத் திருப்பி அனுப்பாமல், இதுவே நன்றாக இருக்கிறது, இதை எங்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அது என் பெட்டியின் தரம். வழி சொன்ன முறை தப்புதான்.

இருந்தாலும் மில்லில் நெல் சூடேறிக்கொண்டிருக்கிறது. எழுதும்மா என்றேன். எழுதினாள். தட்டினாள். வரிகள் மளமளவென்று ஓடின. எங்கள் ஃபைல் அத்தனையையும் தாண்டிப் போயின. நான் எழுந்தே நின்றுவிட்டேன். கடைசியில், சிப் கம்பெனிக்காரன் கொடுத்த துண்டுக்குள் நுழைந்ததும் மறுபடி நின்றுபோயிற்று. அந்தத் துண்டு தான் இருக்கும் இடத்தை முழு விலாசமாகத் தானே விசாரித்துக்கொள்ளுமாம். விசாரித்தது. கேள்விக்குறி வந்தது. அதை நாம் திருத்த முடியாது. திருத்தினாலும் அடுத்த முறை அவர்கள் புதிது அனுப்பும்போது போய்விடும் என்றாள்.

போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. யார் என்று தெரியும்.

தம்பிதான் சொன்னான், ஃபோல்டர் பெயரை மாற்றினால் இப்போதே முடிந்துவிடும் என்று. நான் முடியாது என்றேன். உ இல்லாமல் என் கம்பெனியில் ஒன்றும் தொடங்காது. இத்தனை வருஷம் நீ உ இல்லாமல் செய்தாய், சரி, ஆனால் இன்று இடி விழுந்ததும் எது எரிந்தது? உன் சி டிரைவ். எது மிஞ்சியது? உ. அந்தச் சுழிக்குள் நீ சாயங்காலம் காப்பி வைக்கவில்லை என்றால் இப்போது திருத்துவதற்குப் புரோகிராமே கிடையாது. இப்போதும் சொல்கிறேன், அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

அந்தப் பெண் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

“ஐயா, கடுதாசி எழுதினா உ எங்க போடுவீங்க?”

“தலையில. மேல.”

“கவர் மேல விலாசம் எழுதறப்ப, உ, வடக்கு வீதி, தஞ்சாவூர்னு எழுதுவீங்களா?”

“எழுதமாட்டேன். கல்யாணப் பத்திரிகைன்னா மஞ்சள் தடவுவேன்.”

“மூலையிலதானே ஐயா தடவுவீங்க. விலாசத்து மேல தடவினா போஸ்ட்மேன் எப்படிப் படிப்பாரு? ஃபோல்டர் பேருங்கறது விலாசம். உ போடறது உள்ள இருக்கற கடுதாசிக்கு.”

நியாயம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எடைபோடத் தெரிந்தவன் நான். அப்படித் தெரியாதவன் எவனும் காயில் கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து இங்கே வந்து சேரமாட்டான். மறுபடி போன் அடித்தது. இந்த முறை எடுத்தேன். மில்காரர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குவியலின் அடியில் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தேன், நுனியில் வெள்ளை தெரிகிற மாதிரி இருக்கிறது, நெல் என்னுடையது இல்லை காயில்காரரே, ஊர்க்காரர்களுடையது, அவர்களுக்கு என்ன சொல்ல என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் ஓடும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, மாற்றுங்கள் என்றேன்.

டி டிரைவிலேயே இங்கிலீஷில் சாதாரணப் பெயராக ஒரு ஃபோல்டர் போட்டாள். எல்லாவற்றையும் அதற்குள் காப்பி எடுத்தாள். நிற்கிற இடத்திலிருந்து சொல்லும் வழியை அவள் வைத்துக்கொள்ளவில்லை. தம்பி சொன்ன ஆட்சேபணையை ஒப்புக்கொண்டாள். தலையில் மறுபடி ஒரு பெயர் வைத்தாள், ஆனால் அதற்கு எதிரே இடத்தை எழுதவில்லை. இந்தப் பில்டு ஃபைல் எங்கே இருக்கிறதோ அதுவே களம், நீயே பார்த்துக்கொள் என்று டூலிடம் விட்டுவிட்டாள். எந்தக் கம்ப்யூட்டருக்குத் தூக்கிப் போனாலும் ஒரு வரியும் மாற்ற வேண்டாம்; யார் எங்கிருந்து தட்டினாலும் சரியாகப் போகும். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்று, அப்ப எது எங்க இருக்குன்னு கண்ணால பாக்கணும்னா என்றான். அந்தப் பெயர் எந்த இடமாக விரிகிறது என்று முதல் வரியாகத் திரையில் காட்டும்படி அவனுக்காக ஒன்று எழுதிச் சேர்த்தாள். அதற்குப் பிறகு அவன் கையை இறக்கினான்.

“உ எங்கம்மா?” என்றேன்.

ஃபைலின் முதல் வரியைக் காட்டினாள். உ இருந்தது. அதற்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு குறி.

“அது எதுக்கு முன்னால?”

“இந்த வரியைப் படிக்காதேன்னு மெஷினுக்குச் சொல்ற குறிங்க.”

“பிள்ளையாரையா படிக்காதேங்கற?”

“மெஷினுக்குத்தான் ஐயா. நம்ம படிச்சுக்கலாம்.”

தட்டினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஓடியது. கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. கார்டை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மழைக்கோட்டோடு தம்பி பைக்கில் திருப்பனந்தாள் கிளம்பினான். கார் எடுத்துப் போகச் சொன்னேன். அணைக்கரை ரோடு நெரிசலில் கார் எங்கே போய்ச் சேரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இருட்டுவதற்கு முன்பு போன் வந்தது. மில்காரர்தான். பேச்சுக் கேட்கவில்லை, பின்னால் டிரையர் ஃபேன் இரைச்சல். கத்திச் சொன்னார், அடியில் கொஞ்சம் போய்விட்டது, அதை மாட்டுக்குக் கொடுத்துவிடுவேன், மற்றது தப்பித்தது என்று. கூலி மட்டும் என் கணக்கில்தானாம். உங்கள் ஆள் நனைந்து வந்திருக்கிறான், சாப்பிட வைத்து அனுப்புகிறேன் என்றும் சொன்னார். காயில்காரரே என்று கடைசியில் சேர்த்துக்கொள்ள மறக்கவில்லை.

தம்பிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். அந்த ஃபோல்டரை அதில் அப்படியே வைத்துப் பட்டனைத் தட்டினான். ஒரு எழுத்தும் மாற்றாமல் ஓடியது. அவன் வாயைத் திறந்து பாராட்டவில்லை. ஆனால் அடுத்த பெட்டிக்கு எழுதிய பில்டு ஃபைலில் அவனே தலையில் பெயர் வைத்திருந்தான். அதற்கும் மேலே உ இருந்தது. நான் சொல்லாமலே.

என் அறையில் உ ஃபோல்டர் இன்றும் இருக்கிறது. வேலையை வெளியே எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். சாயங்காலம் கிளம்பும்போது ஒரு காப்பி எடுத்து உ-வுக்குள் வைத்துவிட்டுத்தான் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டும். இடி விழுந்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை. சென்னையில் பெரிய கம்பெனிகள் இதற்கென்று ஆளும் மெஷினும் வைத்துச் செய்கின்றன என்று அந்தப் பெண் சொல்கிறாள். இங்கே அது என் ஏற்பாடு.